கையில் கொடுத்த காசும் கணக்கில் வராத நட்டஈடும்

கடையிலோ ஸ்டோரிலோ வேலை செய்பவருக்கு ஒரு விபத்து நேர்ந்துவிட்டால் நம்மவர்கள் பின்நிற்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுக்கின்றோம், வீட்டுக்கு அரிசி மூடை அனுப்புகின்றோம், வேலைக்கு வராத மாதங்களுக்கும் சம்பளம் கொடுக்கின்றோம். நல்ல விடயம்தான். ஆனால், மூன்று மாதம் கழித்து, "இவ்வளவு ரூபா கொடுத்திருக்கிறேன், அதைத் தாருங்கள்" என்று காப்புறுதிக் கம்பனிக்குக் கடிதம் எழுதும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. "இதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று பதில் வந்தால், கம்பனி ஏமாற்றிவிட்டது என்கிறோம். பல சந்தர்ப்பங்களில் கம்பனி தனது பத்திரத்தில் எழுதியிருப்பதைத்தான் செய்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் மனமிரங்கிக் கொடுப்பது ஸதகா. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கொடுக்க வேண்டியது அவருடைய ஹக். காப்புறுதி திருப்பித் தருவது இந்த இரண்டாவதை மட்டுமே. அத்தொகையை முதலாளியோ பள்ளி நிருவாகமோ தீர்மானிப்பதில்லை. சம்பளத்தையும் காயத்தின் தன்மையையும் வைத்து, சட்டத்தின் அட்டவணைப்படி கணக்கிடப்படுகிறது. 550,000 ரூபாவாக இருந்த உச்சத் தொகை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நேரும் விபத்துகளும் அத்திருத்தத்தால் உள்ளடக்கப்பட்டன. மோட்டார் சைக்கிளில் கடைக்கு வரும் ஊழியரை வைத்திருப்போர் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

ஊழியர் மௌத்தாகிவிட்டால் விடயம் இன்னும் கடுமையானது. நட்டஈட்டுத் தொகையை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். தங்கி வாழ்ந்தோர் யார், யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுபவர் அவர்தான். ஜனாஸா வீட்டிலேயே ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் விதவையின் கையில் ஐந்து இலட்சத்தைக் கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் கையொப்பம் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. சட்டத்தின் முன் அது நட்டஈடு கொடுத்ததாகாது. பின்னர் குடும்பத்தார் ஆணையாளரிடம் போனால் முழுத் தொகையையும் மீண்டும் கட்ட நேரிடும். காப்புறுதிக் கம்பனியும் முன்னர் கொடுத்த ஐந்து இலட்சத்தைத் திருப்பித் தராது. உயிர் தப்பியவருடன் நட்டஈடு பேசி முடிப்பதாயினும் அந்த உடன்படிக்கையை ஆணையாளரிடம் பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு.

இனி, பத்திரத்தின் சிறிய எழுத்துகள். கம்பனியின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பொறுப்பை ஏற்கவோ, வாக்குக் கொடுக்கவோ, பணம் செலுத்தவோ கூடாது என்ற நிபந்தனை அநேகமாக எல்லாப் பத்திரங்களிலும் இருக்கும். ஆகவே விபத்து நடந்த அன்றே முகவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், கம்பனிக்கே எழுத்தில் அறிவித்து அதன் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு உதவுவதை யாரும் தடுக்கவில்லை. அது முற்பணமா, நட்டஈடா, உதவியா என்பதை வவுச்சரில் தெளிவாக எழுதுங்கள்.

கோரிக்கைப் படிவத்துடன் வைத்தியச் சான்றிதழ்கள், ஆஸ்பத்திரி அட்டை, விபத்து அறிக்கை, சம்பளப் பதிவு, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, ஆணையாளரின் கட்டளை இருந்தால் அது, பணம் செலுத்திய பற்றுச்சீட்டு ஆகியவற்றைக் கேட்பார்கள். பணத்தைக் காசோலையாகக் கொடுத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. தனியார் ஆஸ்பத்திரிப் பில்லைப் பொறுத்தவரை, வைத்தியச் செலவும் பத்திரத்தில் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூன்று நாட்களுக்கு மேற்படாத இயலாமைக்குச் சட்டப்படி நட்டஈடு இல்லை என்பதால் சிறு காயங்களுக்குக் கோரிக்கை அனுப்புவது வீண் வேலை.

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது சம்பள விடயத்தில்தான். கட்டுப்பணம் குறையட்டும் என்று காப்புறுதிக்கு 30,000 ரூபாச் சம்பளம் என்று காட்டுவது. கையில் கொடுப்பதோ 60,000. ஆணையாளர் உண்மைச் சம்பளத்தைப் பார்ப்பார், கம்பனி காட்டிய சம்பளத்தைப் பார்க்கும். பாதிச் சம்பளத்துக்குத்தானே பணம் கட்டினீர்கள் என்று பாதியை மட்டும் தந்தால், மீதி உங்கள் பையிலிருந்துதான். சேமலாப நிதிக்கு ஒரு கணக்கு, காப்புறுதிக்கு இன்னொரு கணக்கு என்று வைத்திருப்போருக்கு இது இரட்டைத் தலையிடி.

அடுத்தது ஆட்களின் எண்ணிக்கை. லொறி வந்தால் மூடை இறக்க அழைக்கும் நாட்கூலி ஆட்கள் "நமது ஆட்கள் அல்லர்" என்று விட்டுவிடுகிறோம். தற்காலிகமாக வந்தவரானாலும் உங்கள் வியாபாரத்துக்காக வேலை செய்தவர் சட்டத்தின் கண்ணில் வேலையாள்தான். ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஆட்கள் விடயத்திலும் முதலில் உங்களிடம் கேட்கலாம். பின்னர் நீங்கள் ஒப்பந்தக்காரரிடம் அறவிட்டுக்கொள்ள வேண்டும். தகாபுல் எடுத்திருப்போருக்கும் இந்தக் கணக்குகள் ஒன்றே. இம்முறை பத்திரத்தைப் புதுப்பிக்கும் முன், உச்சத் தொகை 20 இலட்சத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறதா, போக்குவரத்து விபத்து சேர்ந்திருக்கிறதா, நாட்கூலி ஆட்களும் உண்டா என்ற மூன்றையும் முகவரிடம் வாயால் கேட்காமல் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.