தண்டனையும் தாமதமும்

குற்றஞ் செய்தவனைத் தேடிப் பிடிப்பது பொலிசாரின் கடமை. அவன் குற்றவாளிதானா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் கடமை. இவ்விரு சாராரிடையே மனக்கசப்புத் தோன்றுதல் எந்நாட்டிலும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அஃது உண்டு. 2017ஆம் ஆண்டு யூலை மாதம் கொக்குவிலில் பொலிசார் இருவர் வாளேந்திய கும்பலொன்றினால் வெட்டப்பட்டனர். வாள்வெட்டு வழக்குகளிற் பிடிபடுவோர் பிணையில் வெளிவந்து மீண்டும் வாளெடுக்கின்றனர் என்பதும், குற்றம் நிரூபிக்கப்பட்ட பின்னரும் தண்டனை இலேசாகவே அமைகின்றது என்பதும் பொலிசார் கூறும் குறைகள்.

முதலாவது குறை பிணை பற்றியது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை வழங்குதலே பொதுவிதி, மறுத்தல் விதிவிலக்கு. தீர்ப்பு வரும்வரை எவரும் குற்றவாளியாகார் என்பதே இதன் அடிப்படை. எனினும், சந்தேகநபர் தலைமறைவாவார், சாட்சிகளைக் கலைப்பார், பிணையிலிருக்கும்போதே மீண்டும் குற்றஞ் செய்வார் என நம்புதற்குக் காரணமிருப்பின் நீதவான் பிணையை மறுக்கலாம். அக்காரணத்தை நீதிமன்றின் முன் எடுத்துரைக்க வேண்டியவர் பொலிசாரே.

இரண்டாவது குறை தண்டனை பற்றியது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனையை ஒத்திவைக்க நீதிபதிக்கு அதிகாரமளிக்கின்றது. இவ்வதிகாரம் கட்டற்றதன்று. குற்றத்தின் பாரதூரத்தையும், சட்டம் விதித்த தண்டனையையும், பிறரைத் தடுக்கும் பயனையும் நீதிபதி சீர்தூக்க வேண்டும்; குற்றவாளியின் வயதும் நன்னடத்தையும் பொதுநலத்துக்கு அடங்கியனவே என்று முன்னரே உயர்நீதிமன்றம் வழிகாட்டியது.

சட்டம் இவ்வாறிருக்கத் தண்டனை நலிவதேன்? வழக்கொன்று செல்லும் வழியை நோக்கின் விடை புலப்படும். குடாநாட்டிற் கைப்பற்றப்பட்ட வாளும் குருதி படிந்த உடையும், ஏறக்குறைய நானூறு கிலோமீற்றருக்கு அப்பால், பத்தரமுல்லையிலுள்ள அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்குச் செல்ல வேண்டும். பாரிய குற்றமாயின், மேல் நீதிமன்றிற் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தற்குக் கோவை கொழும்பு புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்தை நாட வேண்டும். வடக்கின் நீதிமன்ற மொழி தமிழாதலின், சிங்களத்தில் எழுதப்பட்ட பொலிஸ் குறிப்புகளை மொழிபெயர்க்கவும் வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் ஆளணியும் பணமும் போதாவிடின் தவணைமேல் தவணையாக ஆண்டுகள் கழியும். அதற்குள் சாட்சி ஒருவர் வெளிநாடு சென்றுவிடுவார், இன்னொருவர் மறந்துவிடுவார், வேறொருவர் எதிரியோடு சமாதானமாகிவிடுவார். சான்று மெலிந்தபின், பழைய குற்றமொன்றுக்காகக் குடும்பஸ்தனாகிவிட்ட ஒருவன் கூண்டில் நிற்கும்போது, தண்டனையும் மெலிதல் இயல்பே. நீதிபதியின் இளக்கம் எனத் தோன்றுவதிற் பெரும்பகுதி தாமதத்தின் விளைவேயாம்.

2020ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தினால் உயர்நீதிமன்ற நீதியரசர் தொகை 11இலிருந்து 17ஆகவும், மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர் தொகை 12இலிருந்து 20ஆகவும் உயர்த்தப்பட்டது. இது வேண்டிய சீர்திருத்தமே. ஆயினும் வழக்குத் தொடங்கும் இடத்திற் பகுப்பாய்வாளரும் மொழிபெயர்ப்பாளரும் போதாதிருப்பின், மேலே ஆசனங்களைக் கூட்டுவதனால் மட்டும் வழக்கு விரையாது.

தண்டனையின் கொடுமையிலும் அதன் உறுதியும் விரைவுமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764இல் எடுத்துக்காட்டினார். வள்ளுவரும் 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்திலே, தக்கவாறு ஆராய்தலை முதலிலும், குற்றம் மீண்டும் நிகழாவண்ணம் அளவறிந்து ஒறுத்தலை அதன் பின்னும் வைத்தார். ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருளையும் ஆளையும் கொடாத நாடு, ஒறுத்தல் போதவில்லையென நீதிபதியைக் குறைகூறுதல் பொருந்தாது. காயமுற்ற பொலிசாருக்கும், வாளுக்கு அஞ்சி மாலையிலேயே படலையைச் சாத்தும் குடிமக்களுக்கும் உரிய ஆறுதல் காலத்தே வழங்கப்படும் தீர்ப்பேயாகும்.