தந்தைகளும் ஆலைவாசலும்: மௌனப்படத் தொடக்கம் பற்றிச் சில குறிப்புகள்

1

சினிமா வரலாறுகளில் தந்தைகளுக்குப் பஞ்சமில்லை. உலக சினிமாவுக்கு லூமியேர் சகோதரர்கள், இந்திய சினிமாவுக்கு தாதாசாகேப் பால்கே, மலையாள சினிமாவுக்கு ஜே.சி. டேனியல். தந்தை பெயரில் விருது, தந்தைக்கு விழா. சும்மா ஒரு மரியாதைச் சொல்தானே என்று தோன்றலாம். ஆனால் தந்தை என்றால் வாரிசு உண்டு, சொத்து உண்டு, குலப்பெயர் உண்டு. பலர் கூடிச் செய்த வேலை ஒருவரின் வித்தாக மாறிப்போவது இந்தச் சொல்லின் வழியாகத்தான். மௌனப்படக் காலத்தை 'முன்னோடிகளின் காலம்' என்று வாசித்துப் பழகிய பழக்கத்தை இங்கிருந்தே கேள்விக்குள்ளாக்க வேண்டியிருக்கிறது. அதற்கான ஆதாரம் அந்த வரலாறு முதலில் எடுத்துக்காட்டும் படத்திலேயே இருக்கிறது.

2

1895 மார்ச் 22 அன்று பாரிஸில், தேசியத் தொழில் வளர்ச்சிக்கான சங்கத்தின் கூட்டம் ஒன்றில், லூயி லூமியேர் ஒரு படத்தைக் காட்டினார். 'லூமியேர் ஆலையிலிருந்து வெளியேறும் தொழிலாளர்கள்' என்று அறியப்படுகிற படம். ஒரு நிமிஷம்கூட ஓடாது. லியோன் நகரில் அவர்களுடைய ஆலைக்கு எதிரே கேமரா நிற்கிறது. கதவு திறக்கிறது. தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், நீண்ட பாவாடை, தலையில் தொப்பி. வந்ததும் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் பிரிந்து போகிறார்கள். சைக்கிளில் சில ஆண்கள், குறுக்கே ஒரு நாய். அவ்வளவுதான்.

சரி, இதில் என்ன இருக்கிறது? யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் முதலாளி, முன்னால் அவரிடம் கூலி வாங்குகிறவர்கள். அந்த ஆலையில் தயாரானவை புகைப்படத் தகடுகள். 1894 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி. 'சினிமாட்டோகிராஃப்' கருவியை உருவாக்கப் பணம் வந்தது அந்தத் தகடுகளிலிருந்து. தகடுகள் வந்தது இந்தப் பெண்களின் கைகளிலிருந்து. ஆனால் அந்தக் கைகள் செய்த வேலை படத்தில் இல்லை. வேலை முடிந்த பிறகுதான் படம் தொடங்குகிறது. கதவுக்கு உள்ளே கேமரா போகவில்லை. ஜெர்மானிய இயக்குநர் ஹாருன் ஃபரோக்கி 1995இல், நூறாண்டுகளின் ஆலைவாசல் காட்சிகளைத் தொகுத்து ஒரு படம் செய்தார். பெரும்பாலான சினிமாக் கதைகள் வேலையை விட்டு வெளியே வந்த பிறகே தொடங்குகின்றன என்பது அவர் கண்டுகொண்ட விஷயம். முதல் படத்தின் சட்டகம் ஒரு நூற்றாண்டுப் பழக்கமாகிவிட்டது.

இன்னொன்று. 'உள்ளதை உள்ளபடி' பதிவுசெய்த படம் என்று இதைச் சொல்வார்கள். ஆனால் இந்தப் படத்துக்கு மூன்று வடிவங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி வருகிறது, ஒன்றில் இரட்டைக் குதிரை வண்டி, மற்றொன்றில் குதிரையே இல்லை. உடைகளும் வெளிச்சமும் மாறியிருக்கின்றன. அதாவது, வேறு வேறு நாட்களில் தொழிலாளர்கள் கேமராவுக்காகத் திரும்பத் திரும்ப வெளியே வந்திருக்கிறார்கள். பிலிமின் நீளம் சுமார் பதினேழு மீட்டர்தான். அது தீர்வதற்குள் அத்தனை பேரும் வாசலைக் கடந்தாக வேண்டும். அவர்கள் நடையில் தெரிகிற வேகத்துக்கு வீட்டு நினைப்பு மட்டும் காரணமல்ல. வேலை முடிந்து போகிற அந்த நடையும் முதலாளி சொல்லிச் செய்த வேலைதான். நடித்தவர்கள் என்று அவர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

கருவியின் கதையும் இப்படித்தான். காப்புரிமை 1895 பிப்ரவரி 13இல் சகோதரர்கள் பெயரில் பதிவாயிற்று. முதல் கருவியைச் செய்து முடித்தவர் ஆலையின் தலைமை மெக்கானிக் ஷார்ல் முவாஸோன். டிசம்பர் 28 அன்று பாரிஸின் கிராண்ட் கஃபேயில் தலைக்கு ஒரு பிராங்க் கொடுத்து 33 பேர் படம் பார்த்தார்களே, அந்தப் புகழ்பெற்ற மாலையில் கருவியை இயக்கியவரும் அவரே. காப்புரிமைக்கு ஒரு பெயர் வேண்டும். சினிமாவின் 'தந்தை' அந்தச் சட்டத் தேவையிலிருந்தும் பிறந்தவர்.

3

மார்ச் 22 கூட்டத்தில் ஓர் இளம்பெண் இருந்தார். கோமோன் நிறுவனத்தில் செயலாளராக வேலைபார்த்த ஆலிஸ் கீ (1873–1968). ஆலையையும் ரயிலையும் காட்டுவதோடு நின்றுவிடாமல் இந்தக் கருவியால் கதை சொல்லலாமே என்று அவருக்குப் பட்டது. முதலாளியிடம் கேட்டார். அலுவலக வேலை கெடாமல் பார்த்துக்கொண்டால் செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. ஒரு கலைவடிவத்தின் பிறப்பில் இப்படியொரு நிபந்தனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். முட்டைக்கோஸ் தேவதை பற்றிய தமது முதல் படத்தை 1896இல் எடுத்ததாக அவர் எழுதியிருக்கிறார். 1906 வரை கோமோனின் படத்தயாரிப்புக்கே அவர்தான் பொறுப்பு. அந்த ஆண்டில் 'பெண்ணியத்தின் விளைவுகள்' என்றொரு படம் செய்தார். ஆண்கள் துணி தைக்க, குழந்தை பார்க்க, பெண்கள் மதுக்கடையில் உட்கார்ந்து அதிகாரம் செய்யும் நையாண்டி. 1910இல் அமெரிக்காவில் 'ஸோலாக்ஸ்' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கினார். நூற்றுக்கணக்கான படங்கள். பிறகு எழுதப்பட்ட வரலாறுகளில் அவர் படங்கள் சில அவரிடம் வேலை பார்த்த ஆண்களின் கணக்கில் போயின. தாம் எடுத்த படங்களின் பட்டியலைத் தாமே தயாரித்துத் திருத்தும் வேலையில் அவருடைய முதுமை கழிந்தது. நினைவுக்குறிப்புகள் வெளிவந்தது 1976இல், அவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து.

ஆலிஸ் கீக்காவது ஒரு பெயர் இருக்கிறது. ஜார்ஜ் மெலியேஸின் மாயப்படங்களுக்கு வண்ணம் தீட்டியவர்களுக்கு அதுவும் இல்லை. பாரிஸில் எலிஸபெத் துய்யியே நடத்திய பட்டறையில் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்கு ஒரு வண்ணம். அவள் தன் வண்ணத்தைப் படச்சட்டம் படச்சட்டமாக மெல்லிய தூரிகையால் தொட்டுவைத்து, அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். மெலியேஸின் 'நிலவுக்கு ஒரு பயணம்' (1902) படத்தின் வண்ணப் பிரதி 1993இல் கிடைத்து, 2011இல் புதுப்பித்துத் திரையிடப்பட்டது. அதில் 13,375 படச்சட்டங்கள். 'மெலியேஸின் மாயம்' என்று நாம் சொல்வதில் பாதி, கண் நோகக் குனிந்திருந்த தினக்கூலி உழைப்பு. ஃபோர்டுக்கு முன்பே அங்கே வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது.

4

அந்த ஆலைவாசல் படம் 1896 ஜூலை 7 அன்று பம்பாய்க்கும் வந்தது. வாட்ஸன் ஓட்டலில் லூமியேரின் ஆள் மாரியுஸ் ஸெஸ்தியே காட்டிய ஆறு படங்களில் அதுவும் ஒன்று. கட்டணம் ஒரு ரூபாய். சாதாரண ஆலைத் தொழிலாளி ஒருவரின் அன்றைய நாள்கூலியைவிட அதிகம். பஞ்சாலைகளில் பல்லாயிரம் பேர் உழைத்த நகரத்தில், ஆலையை விட்டு வெளியேறுகிறவர்களைப் பார்க்கும் வசதி ஆலைக்காரர்களுக்கு இல்லை.

பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913 மே 3 அன்று பம்பாய் கொரனேஷன் அரங்கில் வெளியானது. அடகுக்குப் போனது சரஸ்வதிபாய் பால்கேயின் நகை. பிலிமுக்கு இருட்டில் துளையிட்டதும், ரசாயனம் கலந்து கழுவியதும், படப்பிடிப்புக் குழு முழுவதற்கும் சமைத்துப் போட்டதும் அவரே. 'மனைவியின் ஒத்துழைப்பு' என்று இரண்டு வரியில் இதை முடித்துவிடுகிறார்கள். தொழில்நுட்பம் ஆணிடம் இருந்தால் கலை, பெண்ணிடம் இருந்தால் ஒத்தாசை!

திரையிலோ பெண்ணே இல்லை. சந்திரமதியாக நடித்தது சாளுங்கே என்கிற ஓட்டல் தொழிலாளி. நடிக்க வருவது கேவலம் என்று கருதிய சமூகத்தில், வந்த பெண்ணுக்கு என்ன நடக்கும்? இந்த இடத்தில் வர்க்கம், பால் என்ற இரண்டு சொற்கள் மட்டும் போதாது. சாதி வந்தாக வேண்டும்.

1920களின் கடைசியில் திருவிதாங்கூரில் ஜே.சி. டேனியல் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். கதாநாயகி பி.கே. ரோசி, புலையர் சாதிப் பெண். புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி நாடகத்தில் ஆடியவர். படத்தில் அவர் நாயர் பெண்ணாக வந்தார். திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் படம் ஓடியபோது மேல்சாதியார் திரையில் கல்லெறிந்தார்கள். தாம் நடித்த படத்தை ரோசி பார்க்க முடியவில்லை. அவருடைய குடிசை கொளுத்தப்பட்டது. ஊரை விட்டுத் தப்பி, லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து முடித்தார். ஐரோப்பாவில் பெண்ணின் பெயர் பட்டியலில் விடுபட்டது. இங்கே உடலையே விரட்டினார்கள். மௌனப்படத்தில் குரல் கிடையாது, அதனால் ஆத்திரம் வசனத்தின் மீது எழுந்ததல்ல. ஒரு தலித் உடல் வெளிச்சத்தில் பெரிதாகத் தெரிந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

டேனியலும் சொத்தை இழந்து அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் கிடந்து 1975இல் இறந்தவர்தான். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஆனாலும் அவரைத் 'தந்தை' என்ற இடத்தில் பின்னால் உட்காரவைக்க முடிந்தது. 1992இல் அவர் பெயரில் விருது வந்தது. ரோசிக்கு அந்தச் சொல்வரிசையில் இடமே இல்லை. மலையாளத் திரைத்துறைப் பெண்கள் 2019இல் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கியதும், பிறகு சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா எடுத்ததும் அந்தச் சொல்வரிசைக்கு வெளியிலிருந்து நடந்தவை.

5

தென்னிந்திய மௌனப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' இல்லை, 'விகதகுமாரன்' இல்லை. படம் அழிந்தால் மிஞ்சுவது தயாரித்தவர் பெயர்தான். ஆகவே தந்தைகளின் பட்டியலே வரலாறு என்று ஆகிவிடுகிறது. ஆனால் ரோசியின் வாழ்க்கை நமக்குக் கிடைத்தது குன்னுக்குழி எஸ். மணி போன்றவர்கள் விசாரித்து எழுதியதால். கூலிக் கணக்கு, அடகுச் சீட்டு, வழக்குக் கட்டு, கிழவிகளின் பேச்சு என்று மௌனப்படத்தின் ஆவணங்கள் பிலிம் பெட்டிக்கு வெளியே இன்னும் இருக்கின்றன. யார் துளையிட்டது, யார் வண்ணம் வைத்தது, யாரை உள்ளே விடவில்லை என்கிற கேள்விகளோடு அவற்றைத் தேடிப் போக வேண்டும். அந்தத் தலைமுறையைப் பார்த்தவர்கள் இருக்கும்போதே போக வேண்டும்.