தைப்பூச நிலவில் மரங்களின் புத்தாண்டு

தை பிறந்தால் நீடாமங்கலத்தில் சம்பா அறுவடை. ஸ்டேஷனில் சரக்கு ரயிலுக்கு நெல் மூட்டை ஏறும். அந்த மாதப் பௌர்ணமியை ஒட்டி நமக்குத் தைப்பூசம். பெரும்பாலும் அதே நிலவில் யூதர்களுக்கும் ஒரு பண்டிகை வரும். அதன் பெயர் தூ பிஷ்வாத், மரங்களின் புத்தாண்டு. 2024இல் இரண்டும் ஒரே நாளில், ஜனவரி 25 அன்று வந்தன.

பெயருக்கு என்ன பொருள்?

எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'தூ' என்பது 9, 6 மதிப்புள்ள இரண்டு எழுத்துகள், கூட்டினால் 15. ஷெவாத் மாதத்தின் 15ஆம் நாள். 10, 5 என்று எழுதினால் இறைவன் திருப்பெயரின் எழுத்துகள் வந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள்.

ஆதியில் இது வெறும் கணக்கு நாள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. எந்தப் பழம் எந்த ஆண்டுக் கணக்கில் சேரும் என்று பிரிக்க ஒரு நாள் வேண்டியிருந்தது. நிலவரிக்குப் பசலி ஆண்டு வைத்த மாதிரிதான்.

ஞானம் எப்போது சேர்ந்தது?

16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் மலையூரான சஃபேத், கபாலா என்னும் யூத மறைஞானத்தின் தலைநகராக இருந்தது. அங்கே போதித்தவர் ஐசக் லூரியா (1534–1572). அவர் வழி மரபில் இந்த நாளுக்கு ஒரு பழ விருந்துச் சடங்கு உருவானது. 18ஆம் நூற்றாண்டில் அது 'பெரி எட்ஸ் ஹதார்' என்ற சிறு நூலாக அச்சேறியது.

இறையருள் நான்கு உலகங்கள் வழியாகக் கீழே இறங்குகிறது என்பது கபாலாவின் கொள்கை. நீடாமங்கலம் அருகே ஆற்று நீர் பிரியும் மூணாறு தலைப்பில் நின்று பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வந்த தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைசியில் வயலைத் தொடுகிறது. அருள் இறங்கும் வழிக்குக் கபாலா நூல்கள் சொல்வதும் 'ட்சினோர்'. குழாய், வாய்க்கால் என்று பொருள்.

பழத்தில் என்ன இருக்கிறது?

விருந்தில் மூன்று உலகங்களுக்கு மூன்று வகைப் பழங்கள். வாதுமை, மாதுளை போல வெளியே தின்னமுடியாத ஓடோ தோலோ உள்ளவை, நாம் வாழும் செயல் உலகம். நம் தேங்காயும் இந்த வகைதான். பேரீச்சை, ஆலிவ் போல வெளியே சதையும் உள்ளே கொட்டையும் உள்ளவை அடுத்த உலகம். அத்தி, திராட்சை போல முழுதும் தின்னத் தக்கவை அதற்கும் மேல். உச்சியிலிருக்கும் நான்காம் உலகத்துக்குப் பழமே இல்லை. அங்கே மறைக்க ஓடும் கிடையாது, கொட்டையும் கிடையாது. கூடவே நான்கு கோப்பைத் திராட்சை ரசம்: வெள்ளையில் தொடங்கிச் சிறிது சிறிதாகச் சிவப்பு கூடும், குளிர்காலம் கழிந்து பூ மலர்வதுபோல.

வாழ்த்துச் சொல்லாமல் பழம் தின்பவன் திருடனுக்குச் சமம் என்கிறது யூத மரபு. தின்றால் மரத்தின் வரத்து குறைகிறது. வாழ்த்தினால் மடை மறுபடி திறக்கிறது. சடங்கின் சாரம் இதுதான்.

இந்தியாவில் உண்டா?

உண்டு. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் இந்த நாளை எலியா தீர்க்கதரிசியின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அலிபாக் அருகே கண்டாலா கிராமத்தில் ஒரு பாறை. அவருடைய தேர்ச் சக்கரத்தின் தடம் அதில் பதிந்திருப்பதாக நம்பிக்கை. அங்கே படைப்பது 'மலீதா': ஊறவைத்த அவல், தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய், சுற்றிலும் பழங்கள். 1948க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கேயும் மலீதாத் தட்டில் அவல்தான்.