நெட்டில் புலி... மேட்சில் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

"நேத்து நெட்ல அவ்வளவு அழகா கவர் டிரைவ் ஆடினியேடா... இன்னிக்கு என்னாச்சு?"

ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்து தலைகுனிந்து வரும் மகனிடம் அப்பாக்கள் கேட்கும் கேள்வி இது. பையனிடம் பதில் இருக்காது. 'கவனம் பத்தலை, ஞாபகசக்தி கம்மி' என்று வீட்டில் முடிவாகிவிடும். மறுநாளே ஊறவைத்த பாதாம், வல்லாரை மாத்திரை, பக்கத்துத் தெருவில் நடக்கும் ஞாபகசக்தி வகுப்பு என்று தேடல் தொடங்கும். பையனின் மூளையில் எந்தக் கோளாறும் இல்லை. அவனுக்குப் பயிற்சி தரப்பட்ட விதத்தில்தான் கோளாறு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சொல்லத் தெரிவதற்கு ஒரு ஞாபகம், செய்யத் தெரிவதற்கு இன்னொரு ஞாபகம். அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசனுக்கு 1953-ல், 27 வயதில், வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் புதிதாக நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றைக் கோடு தாண்டாமல் வரையும் வேலையை அவருக்குக் கொடுத்தார். மறுநாள் கேட்டால், இப்படி ஒன்றைச் செய்ததே அவருக்கு நினைவில்லை. ஆனால், கை நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது!

நெட்டுக்குப் பின்னால் நின்று "முழங்கையைத் தூக்கு, தலையை ஆட்டாதே, காலை முன்னால போடு, தோளைத் திருப்பு" என்று மூச்சுவிடாமல் சொல்லும் பயிற்சியாளர் முதல் வகை ஞாபகத்துக்குத்தான் பாடம் நடத்துகிறார். மேட்சில் ஆட வேண்டியது இரண்டாவது வகை. அதோடு, ஒரே நேரத்தில் மனம் கையில் ஏந்தக்கூடிய விஷயங்கள் சுமார் நான்குதான் என்பது 2001-ல் நெல்சன் கோவன் என்ற ஆய்வாளர் வந்தடைந்த கணக்கு. பந்து, ஃபீல்டர், ஓட்டம் என்று அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்போது முழங்கைக்கு எங்கே இடம்?

கலைத்துப் போட்டால் நிற்கும்

பெரும்பாலான பயிற்சி மையங்களில் இன்று கவர் டிரைவ், நாளை புல் ஷாட், நாளை மறுநாள் ஸ்வீப் என்றுதான் அட்டவணை. ஒரே இடத்தில் விழும் பந்து, ஒரே அடி, ஐம்பது முறை. இருபதாவது பந்திலிருந்து அடி கச்சிதமாக விழும்; பார்க்கவும் கண்ணுக்குக் குளிர்ச்சி. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

1979-ல் ஷியா, மார்கன் என்ற இருவர் கை அசைவுகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றொரு குழுவுக்கு எல்லாம் கலந்து வந்தன. பயிற்சியின்போது தடுமாறியது கலந்து செய்த குழு. இடைவெளி விட்டுச் சோதித்தபோது நன்றாகச் செய்ததும் அதே குழுதான். 1986-ல் பேட்மின்டன் சர்வீஸில் இதே கதை. 1994-ல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் வீரர்களை வைத்து ஆறு வாரம் பார்த்தார்கள். மூன்று வகைப் பந்துகளைக் கலந்து எதிர்கொண்டவர்களின் ஆட்டம் 57 சதவிகிதம் தேறியது. வகை வகையாகப் பிரித்து ஆடியவர்களுக்கு 25 சதவிகிதம்தான்.

காரணம் எளிது. கையிலேயே இருக்கும் சாவியை யாரும் தேடுவதில்லை. ஒரே பந்து திரும்பத் திரும்ப வந்தால், மூளை அந்த அடியை ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே ஓட்டிவிடுகிறது. பந்து மாறி மாறி வந்தால் ஒவ்வொரு முறையும் உள்ளே போய்த் தேடி எடுக்க வேண்டும். மேட்சில் தேவைப்படுவது அந்தத் தேடி எடுக்கும் பழக்கம்தான்.

செஸ் தந்த பாடம்

குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபின், 'செஸ் சேர்த்தால் ஞாபகம் வளரும்' என்று பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெற்றோர் இங்கே அதிகம். ஆனால், 1973-ல் சேஸ், சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நிஜ ஆட்டத்தின் நடுவில் உள்ள பலகையை ஐந்து விநாடி மட்டும் காட்டி, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார், புதியவர் நான்கு. அதே காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டியதும் இருவரும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். மாஸ்டரிடம் இருப்பது பொதுவான 'ஞாபகசக்தி' அல்ல. ஆடி ஆடிச் சேர்த்த அமைப்புகளின் கையிருப்பு. கிரிக்கெட்டுக்கும் இதுவே பொருந்தும். பந்து வீசுபவரின் கை வரும் விதம் உட்பட ஆட்டத்தின் அமைப்புகளைக் கிரிக்கெட் ஆடித்தான் சேர்க்க முடியும். பந்து போடும் இயந்திரத்துக்கு அந்தக் கையே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாருக்காக இந்தப் பயிற்சி?

இவ்வளவு தெரிந்தும் பயிற்சி ஏன் மாறவில்லை? வேலிக்கு வெளியே செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறோமே, நாம்தான் காரணம். ஃபீஸ் கட்டிய கையோடு, அன்று மாலையே வாட்ஸ்அப் குரூப்பில் போட ஒரு வீடியோ வேண்டும். பந்தைக் கலந்து போட்டால் பையன் தடுமாறுவான். வீடியோ நன்றாக வராது. 'இந்த கோச் சரியில்லை' என்று அடுத்த மாதமே இடம் மாற்றிவிடுவோம். விஷயம் தெரிந்த பயிற்சியாளரும் பிழைப்புக்காக ஒரே பந்தை ஐம்பது முறை போடுகிறார்.

கோடை முகாமும் அப்படித்தான். மே மாதம் முழுக்கக் காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம். ஜூன் பிறந்ததும் பேட் பரணுக்குப் போய்விடும். 1978-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரிட்டனில் தபால் ஊழியர்களுக்கு விசைப்பலகை கற்றுக்கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் கற்றவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் கற்றவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் தேறினார்கள். ஆனால், பயிற்சியில் திருப்தி குறைவு என்று சொன்னதும் அந்த ஒரு மணி நேரக் குழுதான்! நன்றாகக் கற்கும்போது நன்றாகக் கற்கிறோம் என்று தோன்றுவதில்லை. பணம் கட்டும் பெற்றோரை இந்த ஏமாற்று உணர்வுதான் ஆட்டிவைக்கிறது.

'அடிப்படை பதிய ஒரே அடியைத் திரும்பச் செய்யத்தானே வேண்டும்' என்று சொல்லும் பயிற்சியாளர்களும் உண்டு. முதல் சில நாட்களுக்குச் சரி. அதையே ஆண்டுக்கணக்கில் நீட்டுவதில்தான் வம்பு.

மாற்றுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. மே மாத நேரத்தை ஆண்டு முழுக்க வாரத்துக்கு இரண்டு மூன்று நாட்களாகப் பிரியுங்கள். ஆறு பந்தும் ஆறு விதமாக வரட்டும். பயிற்சியைத் தொடங்கும் முன் "போன வாரம் என்ன கத்துக்கிட்டே, செஞ்சு காட்டு" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஒரு திருத்தம் போதும். விடிகாலைப் பயிற்சிக்காகத் தூக்கத்தைத் திருடாதீர்கள். கை கற்றது உறுதிப்படுவதில் தூக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

இன்று எத்தனை பந்து நன்றாக அடித்தான் என்று பயிற்சியாளரிடம் கேட்காதீர்கள். போன மாதம் கற்றதில் எது இன்னும் நிற்கிறது என்று கேளுங்கள். பையன் தடுமாறும் நாளில் செல்போனைப் பைக்குள் வையுங்கள்.