ஒரே சேலை... இரண்டு நிறமா?
அண்ணன் போனில் எடுத்த முகூர்த்த வீடியோவில் சேலை அரக்கு நிறம். வாசலோரம் நின்று தம்பி எடுத்ததில் அதுவே ஆரஞ்சு! இரண்டையும் ஒட்டினால், தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் சேலை மாற்றியதுபோல இருக்கும். முகூர்த்தத்தை மறுபடி எடுக்கவும் முடியாது.

காரணம், 'ஒயிட் பேலன்ஸ்'. பகல் வெளிச்சம் சுமார் 5,600 கெல்வின்; மண்டபத்து ஹாலஜன் விளக்கு சுமார் 3,200. எது வெள்ளை என்பதை ஒவ்வொரு போனும் தானாகக் கணிக்கிறது. கணிப்பு மாறினால் நிறமும் மாறும்.

எடிட்டிங்கில் நல்ல கிளிப் ஒன்றை அளவுகோலாக வையுங்கள். மற்றதில் முதலில் வெளிச்சத்தைச் சமப்படுத்துங்கள். அடுத்து, வெள்ளைச் சட்டை வெள்ளையாகத் தெரியும்வரை 'டெம்பரேச்சரை' நகர்த்துங்கள். கடைசியில் நிறத்தின் அடர்த்தி. கணினியில் டாவின்சி ரிசால்வ் இருந்தால், 'ஷாட் மேட்ச்' ஓரளவு கை கொடுக்கும்.

முடிவைச் சேலையில் தேடாதீர்கள், முகத்தில் பாருங்கள். இரண்டு கிளிப்பிலும் மணப்பெண்ணின் முகம் ஒரே மாதிரி இருந்தால், பொருத்தம் பிரமாதம்!