பாஸ் கிட்டாரின் கழுத்து கையில் ஒட்டுகிறதா? தேய்ப்பதற்கு முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: காற்றில் ஈரப்பதம் மிகும் பருவமழைக் காலத்தில், பாஸ் கிட்டாரின் கழுத்துப் பகுதியில் கை எளிதாக நகராமல் ஒட்டிக்கொள்வது உண்டு. உடனே உப்புத்தாளை எடுத்துத் தேய்ப்பது தீர்வாகாது. பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போதும். அளவு மீறித் தேய்த்தால் கழுத்து வளையவும் கூடும்.

ஏன் ஒட்டுகிறது?

கழுத்து பெரும்பாலும் மேப்பிள் மரத்தால் ஆனது. ஈரம் புகாமல் காக்க அதன்மீது வார்னிஷ் போன்ற மேற்பூச்சு இடப்படுகிறது. வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெய்ப் பசையும் அதன்மேல் படிகின்றன. பளபளப்பான பரப்பில் ஈரக்கை முழுமையாகப் படிவதால் பிடிப்பு கூடுகிறது. பளபளப்பற்ற பரப்பில் கை எளிதில் நகர்கிறது.

முதலில் சுத்தம்

சற்றே ஈரமான மென்துணியால் கழுத்தின் பின்புறத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றியெடுக்க வேண்டும். விரல்கள் பதியும் முன்புறப் பலகை ஈட்டி மரத்தால் ஆனது என்றால், அழுக்கை நீக்கியபின் சில துளி மினரல் எண்ணெய் தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிடலாம். சமையல் எண்ணெய் நாளடைவில் கெட்டுப் பிசுபிசுக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். மேற்பூச்சுள்ள மேப்பிள் பலகைக்கு எண்ணெய் தேவையில்லை.

தேய்ப்பது எப்படி?

அதன் பிறகும் கை ஒட்டினால், பின்புற மேற்பூச்சின் பளபளப்பை மட்டும் குறைக்கலாம். இதற்கு 0000 எண் கொண்ட மிக நுண்ணிய ஸ்டீல் வுல் பயன்படுகிறது. கழுத்தின் நீளவாக்கில் மிக லேசாகத் தேய்க்க வேண்டும். இரும்புத் துகள்கள் பிக்கப்பில் உள்ள காந்தத்தில் ஒட்டும் என்பதால், பிக்கப்களை முன்னதாகவே டேப் ஒட்டி மூடுவது அவசியம்.

எங்கே நிறுத்துவது?

வழக்கமான பாஸ் கிட்டாரில் 34 அங்குல நீளத்துக்கு முறுக்கேற்றப்பட்ட நான்கு கம்பிகளும் சேர்ந்து, சுமார் 80 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் கழுத்தை இழுக்கின்றன. கழுத்தினுள் பதிக்கப்பட்ட ட்ரஸ் ராட் எனும் எஃகுத் தண்டு அதை ஈடுசெய்கிறது. மேற்பூச்சு முழுவதும் நீங்கினால், மரம் ஈரத்தை உறிஞ்சி விரிந்தும் உலர்ந்து சுருங்கியும் இந்தச் சமநிலையைக் குலைக்கும். கழுத்து வளைந்தால் கம்பிகளின் உயரம் மாறும். ஃபிரெட்டுகளில் உரசி இரைச்சலும் எழலாம்.

எனவே, பளபளப்பு மங்கியவுடன் நிறுத்திவிட வேண்டும். தவறி மரம் வெளிப்பட்டால், அந்த இடத்தில் மரப்பூச்சுக்குரிய எண்ணெயோ மெழுகோ இட்டு மூட வேண்டும். மிகப் பழைய கருவிகளைத் தேய்க்காதிருப்பதே நல்லது. அசல் மேற்பூச்சு போனால் விற்பனை மதிப்பும் குறையும். ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வந்தால், தேய்க்கும் தேவையே பெரும்பாலும் எழாது.