நினைவகக் கசிவு

கலத்தினுள் இருப்பது சிறிது சிறிதாக வெளியேறுதலைக் கசிவு என்கிறோம். கணிப்பொறித் துறையில் வழங்கும் 'நினைவகக் கசிவு' என்னும் தொடருக்கு அப்பொருள் முற்றும் பொருந்தாது. இங்கே எதுவும் வெளியேறுவதில்லை. வெளியேற வேண்டியது தங்கிவிடுகிறது. அதனால் எஞ்சிய இடம் குறைந்துகொண்டே போகிறது.

1991ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் மொழி, ஒவ்வொரு தரவையும் எத்தனை பெயர்கள் சுட்டி நிற்கின்றன எனக் கணக்கு வைக்கிறது. கணக்குச் சுழியமானதும் இடம் மீட்கப்படும். தம்முள் ஒன்றையொன்று சுட்டும் தரவுகள் இக்கணக்கிற்கு அகப்படா. அவற்றைத் தேடி நீக்கும் உறுப்பு 2000ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. ஆயினும், பயனற்ற தரவை ஒரு பெயர் பற்றி நிற்குமாயின் அது நீங்காது.

சிரம்பானைச் சேர்ந்த தெமியாங் வட்டாரத்தின் மழையை ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம். மரம் நனைந்தால் பால்வெட்டு நிற்குமாதலின், நெகிரி செம்பிலானுக்கு வேண்டும் ஆராய்ச்சியே இது. ஐரோப்பிய இடைக்கால வானிலை முன்கணிப்பு மையத்தின் 'ஈ.ஆர்.ஏ. 5' தொகுப்பு, 1940 முதல் மணிதோறும் உலக வானிலையைத் தருகிறது. ஒரு மணிக்குரிய கட்டம் 721 வரிசையும் 1,440 பத்தியும் உடையது. எண்ணொன்றுக்கு 4 பைட்டு வீதம் ஏறத்தாழ 4 மெகாபைட்டு. அதில் மலாயாத் தீபகற்பத்திற்குரியவை 525 எண்களே; 2,100 பைட்டுதான்.

மணிக்கொரு கட்டமாகப் படித்து, இப்பகுதியை மட்டும் துணித்துப் பட்டியலில் சேர்த்தால், ஓராண்டின் 8,760 மணிக்கு 18 மெகாபைட்டு போதும் என எதிர்பார்ப்போம். ஆனால் 36 கிகாபைட்டு நிரம்பி வேலை நடுவில் நின்றுவிடக்கூடும். காரணம் என்ன? 'நம்பை' என்னும் துணைநூலகத்தில் துணித்த பகுதி தனிப்படி அன்று. முழுக் கட்டத்தில் திறந்த சன்னல் போன்றது. சன்னல் நிற்கும்வரை சுவரும் நிற்கவேண்டுமன்றோ?

துணித்ததைக் 'காப்பி' என்னும் கட்டளையால் படியெடுத்துச் சேர்ப்பதே தீர்வு. படியெடுத்தல் இடத்தைப் பெருக்கும் எனத் தோன்றலாம். இங்கே அதுவே இடத்தை மீட்கிறது.

பிழையைக் கண்டறிய, 2014இல் பைத்தான் 3.4 பதிப்பில் சேர்ந்த 'டிரேஸ்மலாக்' உதவும். வேலையின் இருவேறு கட்டங்களில் நினைவகத்தைப் பதிந்து ஒப்பிட்டால், எவ்வரியில் பெற்ற இடம் பெருகியது என அது காட்டும். ஆனால் அவ்விடத்தை விடாது பற்றியிருக்கும் பெயரை ஆராய்பவரே தேடவேண்டும். அதனைத் தேடாமல் பெரிய கணிப்பொறி வாங்கினால், அடுத்த சில ஆண்டுகளின் மழைக்கணக்கைப் படிக்கும்போது அதுவும் நிரம்பிவிடும்.